புரட்டாசி ஆறாம் நாள் வைத்த சங்கரா மீன் குழம்பு

தேதி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எங்கள் வீட்டில் என்று மழை வந்தது, என்று காஸ் தீர்ந்தது, என்று பையனுக்கு அம்மை போட்டது என்று யார் கேட்டாலும் நோட்டைப் புரட்டாமலே சொல்வேன். அந்த நோட்டை இருபது வருஷமாக எழுதி வருகிறேன். அன்றன்று என்ன சமையல் என்பதுகூட அதில் இருக்கும். அப்படிப்பட்ட நான்தான் அந்த ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக் கொடுத்தேன்.

விஷயம் இதுதான். என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை சிதம்பரத்தில் படித்தாள். லால்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண் அவளுக்குப் பக்கத்தில் உட்காருவாள். மதியச் சாப்பாட்டு டப்பாவில் மீன் குழம்பு போகிற நாளில் பாதி அந்தப் பெண்ணுக்கு. "டப்பாவுல ஆறிப்போனதே இப்படி இருக்குதுன்னா, உங்கம்மா அடுப்புலேந்து இறக்கும்போது எப்படிடி இருக்கும்?" என்று கேட்பாளாம். "வீட்டுக்கு வா, சூடா போடச் சொல்றேன்" என்று இவள் வாக்குக் கொடுத்தாள். பிறகு பெருந்தொற்று வந்து பள்ளிக்கூடமே மூடிக் கிடந்தது. திறந்த வருஷம் நோன்பும் பரீட்சையும் அடுத்தடுத்து வந்தன. பத்தாவது முடிந்ததும் எனக்குக் கடலூருக்கு மாற்றலாகிவிட்டது. அந்த வாக்கு அப்படியே நின்றது.

இப்போது மகள் இங்கே கல்லூரியில் முதல் வருஷம். அந்தப் பெண் மருத்துவம் படிக்க ஜார்ஜியாவுக்குப் போகிறாள். ஆறு வருஷப் படிப்பு. விமானம் செப்டம்பர் கடைசி வியாழக்கிழமை. "எந்த ஞாயித்துக்கிழமைப்பா வரச் சொல்லட்டும்?" என்று மகள் கேட்டபோது நான் கைபேசியில் காலண்டரைத் தட்டி, எனக்கு ஆபீஸ் வேலை இல்லாத ஞாயிறாகப் பார்த்துச் சொன்னேன். தினசரிக் காலண்டர் கூடத்துச் சுவரில்தான் தொங்குகிறது. அதை நிமிர்ந்து பார்க்கவில்லை.

புரட்டாசி பிறந்தது செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின நாளே என் மனைவி சமையலறையைக் கழுவிவிட்டு, மீன் சட்டியைத் தேய்த்துக் காயவைத்து, பழைய துணியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டாள். பெருமாளுக்கு என்று அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் மீன், கறி, முட்டை எதுவும் கிடையாது. செவ்வாய்க்கிழமை மாலை கல்லூரியிலிருந்து வந்த மகள் அலமாரியில் சட்டி இருந்த இடம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"அப்பா! ஞாயித்துக்கிழமை புரட்டாசியா?"

அப்போதுதான் சுவரில் இருந்த தினசரிக் காலண்டரை நிமிர்ந்து பார்த்தேன். பையன் ஒன்பதாவது படிக்கிறான். சந்தர்ப்பத்தை விடுகிறவன் இல்லை.

"அப்பாகிட்ட பழைய தேதி கேளு, கரெக்டா சொல்லுவாரு. வரப்போற தேதி கேட்டா இப்படித்தான்."

ஹோட்டலில் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றேன். மகள் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. சூரியன் கன்னி ராசிக்குள் வருவதை வைத்துத்தான் மாதப் பிறப்பைக் கணக்கிடுகிறார்கள், அதில் ஊருக்கு ஊர் ஒருநாள் வித்தியாசம் வருவதும் உண்டு என்று எப்போதோ படித்ததைச் சொல்லிப் பார்த்தேன்.

"ஒருநாள்தானே வித்தியாசம் வரும்? ஆறு நாள் வருமா?" என்றாள் மனைவி.

"வராது."

"அப்ப சும்மா இருங்க."

மகள் அழவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. கூடத்தில் உட்கார்ந்து, "அவகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொல்லியிருந்தேன். அஞ்சு வருஷமா அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றாள். அவள் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை காபி கொடுக்கும்போது மனைவி எல்லாவற்றையும் முடிவு செய்திருந்தாள். பக்கத்து வீட்டு டீச்சர் தேவாலயத்துக்குப் போகிறவர். அவருக்குப் புரட்டாசி கிடையாது. குழம்பு அவர் வீட்டு அடுப்பில். சாப்பாடு நம் வீட்டிலும் இல்லை, அவர் வீட்டிலும் இல்லை. பிச்சாவரம் போய், வெட்டவெளியில். அந்தப் பெண் லால்பேட்டையிலிருந்து கடலூர் வரை வர வேண்டாம், சிதம்பரம் பஸ் ஸ்டாண்டிலேயே ஏற்றிக்கொள்ளலாம்.

"நான் வாயில வைக்க மாட்டேன். வைக்கிறது மட்டும் அடுப்புல" என்றாள்.

மகள் எழுந்து வந்து அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "காபி சிந்துது, போ" என்று மனைவி அவளை விலக்கினாள்.

ஞாயிறு காலை நானும் பையனும் முதுநகர் துறைமுகத்துக்குப் போனோம். கூட்டமே இல்லை. மீன் விற்கும் அம்மாக்கள் எங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார்கள். செவுள் சிவந்த சங்கராவாக எடுத்தோம். "என்னா சார், புரட்டாசியில வந்துருக்கீங்க?" என்று கேட்ட அம்மாவிடம், "விருந்தாளி" என்றேன். "நல்ல விருந்தாளிதான்" என்று ஒரு மீனைக் கூடுதலாகப் போட்டார்.

டீச்சர் சாவியைக் கொடுத்துவிட்டுக் காலை ஆராதனைக்குப் போய்விட்டார். மனைவி மிளகாய்த்தூள், மல்லித்தூள், புளி, வெந்தயம், நல்லெண்ணெய், உரித்த சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் கூடையில் வைத்து எடுத்துப் போனாள். உப்பு மட்டும் எடுக்கவில்லை. வீட்டு உப்பை இன்னொரு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது என்பது அவள் கட்டுப்பாடு. டீச்சர் வீட்டுக் கல் உப்பு ஜாடி ஜன்னலோரம் இருந்தது. அதிலிருந்து ஒரு கை அள்ளி, மஞ்சளோடு மீனில் போட்டு அலசினாள். பிறகு குழம்பைக் கூட்டினாள். சட்டிக்குப் பதில் டீச்சரின் அலுமினியப் பாத்திரம். "இதுல அடி பிடிக்குமோ" என்று ஐந்து தடவையாவது சொல்லியிருப்பாள். பூண்டு தட்டிப் போட்டு இறக்கியபோது வந்த வாசத்தில், கொல்லையில் நின்றிருந்த நான் இரண்டு அடி உள்ளே வந்துவிட்டேன்.

அப்போதுதான் ஒரு விஷயம் எங்களுக்கு உறைத்தது. ருசி பார்க்க ஆள் இல்லை.

"நான் பாக்கறேன். பெருமாள் என்னைய ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றான் பையன்.

"பெருமாள் சொல்ல மாட்டாரு. நான் சொல்லுவேன்" என்றாள் மனைவி. "இத்தினி வருசம் வெச்ச கைக்குத் தெரியாதா?"

காரில் ஏற்றும்போது அடுத்த சிக்கல். எங்களுக்குப் புளிசாதமும் வாழைக்காய் வறுவலும் தயிர்சாதமும் தனிப் பையில் முன்சீட்டில் இருந்தன. மீன் கேரியர் எங்கே போவது?

"அம்மா, கார் வீட்டுக்குள்ளயா, வெளியவா?"

மனைவி ஒரு கணம்தான் யோசித்தாள். "சீட்டு உள்ள. டிக்கி வெளிய."

சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றே கால். அந்தப் பெண் பஸ் ஸ்டாண்டு வாசலில், கையில் ஒரு எவர்சில்வர் டப்பாவோடு நின்றிருந்தாள். பெண்கள் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் பேசினார்கள். யார் சொல்வது யார் காதில் விழுந்தது என்று தெரியவில்லை. காரில் ஏறியதும் டப்பாவை என் மனைவியிடம் நீட்டினாள்.

"தம்ரூட் ஆண்ட்டி. ரவையும் நெய்யும் போட்டுச் செய்யறது. முட்டை போடணும், ஆனா எங்கம்மா போடல. நீங்க புரட்டாசின்னு."

மகள் திரும்பிப் பார்த்தாள். "உனக்குப் புரட்டாசின்னு தெரியுமா?"

"எங்க ஊர்ல தெரியாம இருக்குமா? கோழி விலை இறங்குனா புரட்டாசி பொறந்துடுச்சுன்னு அர்த்தம்."

"அப்ப ஏண்டி சொல்லல?"

"மீன் இருக்காதுன்னு தெரிஞ்சுதான் வந்தேன். உன்னைப் பாக்கத்தானே வந்தேன், லூசு."

"மீன் இருக்குது" என்றான் பையன். "டிக்கியில. வெளியில."

முட்டை இல்லாத தம்ரூட்டை அவன், வழியில் கிள்ளை என்ற ஊரைத் தாண்டுவதற்குள் கடித்துப் பார்த்தான். "அக்கா, இத வெச்சு வீடு கட்டலாம்" என்றான். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் என் மனைவியும் சேர்ந்துகொண்டாள். ஆனாலும் மூன்று துண்டு தின்றான்.

பிச்சாவரத்தில் படகுக்கு வரிசை நீளமாக இருந்ததால் முதலில் சாப்பிட்டுவிடலாம் என்று ஒரு மரத்தடியில் பாயை விரித்தோம். மனைவி வாழை இலையைப் போட்டுச் சோறு வைத்து, பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து, குழம்பை ஊற்றினாள். நிறம் அபாரமாக இருந்தது, எண்ணெய் மேலே மிதந்தது. அந்தப் பெண் பிஸ்மில்லா சொல்லி முதல் கவளத்தை வாயில் வைத்தாள். எங்கள் நான்கு பேர் கையும் புளிசாதத்தில் நின்றது.

"சூப்பர் ஆண்ட்டி" என்றாள். "ரொம்ப நல்லா இருக்கு."

மனைவியின் முகம் மலர்ந்தது. அந்தப் பெண் நிதானமாக, ஒவ்வொரு கவளமாக, விடாமல் சாப்பிட்டாள். இரண்டாவது முறையும் நல்லா இருக்கு என்றாள். மகள் மட்டும் சாப்பாட்டை மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, என்னமோ தப்பு. அஞ்சு வருசத்துல இவ ஒருநாளும் நல்லா இருக்குன்னு சொன்னதில்ல. புளி தூக்கல், காரம் பத்தலன்னு திட்டிக்கிட்டேதான் டப்பாவைக் காலி பண்ணுவா."

சொன்னவள் எழுந்து போனாள். தோழியின் பக்கத்தில் நின்றபடியே குனிந்து, இலையில் ஓடிய குழம்பை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். யாரும் தடுக்க நேரமில்லை.

"அடிப்பாவி. உப்பே இல்லடி!"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "கொஞ்சம் கம்மிதான்."

"கம்மியா? சுத்தமா இல்ல! எப்படி முழுங்குன?"

மனைவி எங்கேயோ பார்த்தாள். பாவம், அவள் நினைப்பு மறுபடி டீச்சர் வீட்டு ஜன்னலோரம் போய்த் தேடிக்கொண்டிருந்தது. "போட்டேனே. கல் உப்பை அள்ளி..." என்று ஆரம்பித்து, அது மீன் அலசியபோது போட்டது என்று அவளுக்கே புரிந்தது. அலசின தண்ணீரோடு அது கொல்லைக்குப் போயிற்று. அவள் வீட்டு அடுப்படியாக இருந்தால் கை தானாகப் போயிருக்கும். அவள் கண் கலங்குவதைப் பார்த்து, நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பெண்கள் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். "இதுக்கா அஞ்சு வருசம் காத்திருந்தேன்?" என்று அந்தப் பெண் இருமலுக்கு நடுவே கேட்டாள்.

வெள்ளரிப் பிஞ்சு விற்கும் அம்மாவிடம் பையன் ஓடினான். "வெறும் உப்பு இல்ல கண்ணு, மொளகாத்தூளு கலந்தாச்சு" என்று ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். மகள் கேரியரில் தாராளமாகக் கொட்டிக் கலக்கினாள். அவள் திரும்பியதும் மனைவி, நம்பிக்கையில்லாமல், இன்னும் இரண்டு சிட்டிகை போட்டாள்.

மகள் அப்போதுதான் தன் விரலைப் பார்த்தாள். "அம்மா, எனக்கு வாயில பட்டுடுச்சு."

நாங்கள் எல்லோரும் மனைவியைப் பார்த்தோம். அவள் ஒரு புது இலையை எடுத்துத் துடைத்தாள்.

"பட்டா பட்டதுதான். நின்னுக்கிட்டு நக்காத. அவ பக்கத்துல உக்காந்து ஒழுங்கா சாப்புடு."

அன்று அவர்கள் இருவரும் சேர்ந்து சாப்பிட்டதைப் பார்த்தபோது புளிசாதம்கூட எனக்கு மீன் குழம்பு மாதிரி இருந்தது. பிறகு பிள்ளைகள் மூன்று பேரையும் படகில் ஏற்றிவிட்டு, நானும் மனைவியும் கரையில் உட்கார்ந்தோம். துடுப்புச் சத்தம் சுரபுன்னைக் காட்டுக்குள் போய் மறைந்தது.

"உப்பு மறந்தது கெடக்கட்டும். அந்தப் பொண்ணு ஒரு கொறையும் சொல்லாம சாப்புட்டுதே, அதாங்க எனக்குத் தாங்கல" என்றாள். "விருந்தாளி மாதிரி."

சிதம்பரத்தில் நான்கரை மணிக்கு லால்பேட்டை பஸ். மீதிக் குழம்பைத் தம்ரூட் வந்த டப்பாவிலேயே ஊற்றிக் கொடுத்தாள் மனைவி. "காலையில சூடு பண்ணு. மீன் கொழம்பு மறுநாள்தான் ருசி." பெண்கள் ஜன்னல் கம்பி வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பஸ் நகர்ந்த பிறகும் மகள் கொஞ்ச தூரம் கூடவே நடந்தாள். திரும்பும் வழியில், ஆலப்பாக்கம் தாண்டும்போது, "அம்மா, தேங்க்ஸ்" என்றாள். "தூங்கு" என்றாள் மனைவி.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு, மனைவி தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது, வீடியோ கால் வந்தது. மகள் கைபேசியைப் பிடித்தபடி அடுப்படிக்கு வந்தாள். திரையில் அந்தப் பெண், எதிரில் நாலு இட்லி, மேலே குழம்பு.

"ஆண்ட்டி, சாப்புட்டுக்கிட்டிருக்கேன்."

மனைவி தோசைத் திருப்பியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "எப்படிம்மா இருக்கு?"

அந்தப் பெண் இட்லியைப் பிய்த்துத் துடைத்து வாயில் போட்டு, மென்று முடித்தாள்.

"உப்பு ஜாஸ்தி ஆண்ட்டி. சூடு பண்ணதும் இன்னும் ஏறிடுச்சு. புளியும் கொஞ்சம் தூக்கல்தான்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "திமிரப் பாரு!" என்றாள் மனைவி, கல்லில் தோசை கருகுவதைக் கவனிக்காமல், சிரித்துக்கொண்டே. திரையில் அந்தப் பெண் டப்பாவைச் சாய்த்து, மிச்சமிருந்த குழம்பு முழுவதையும் தட்டில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.