ஆழிக்கோனின் கடைசி ஞாயிறு

பூன் லே நிலையத்தில் ரயில் கதவு மூடுவதற்குள் முகைதீனின் உதடுகள் அசையத் தொடங்கிவிடும். "கடலைப் பூட்டியவன் நான். சாவியும் என்னிடம்தான் இருக்கிறது" என்று தொண்டையின் அடியிலிருந்து ஒரு குரல் வரும். பிறகு தலையை ஆட்டி, "இல்ல, ரொம்ப ஓவர்" என்று சொந்தக் குரலில் அதைத் தள்ளுபடி செய்துவிட்டு வேறு விதமாகச் சொல்லிப் பார்ப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் கைப்பையை மெல்ல மடிக்கு இழுத்துக்கொள்வார். முகைதீன் அதைக் கவனிப்பதில்லை. வேலை பார்க்கும் சாங்கி விமான நிலையம் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அதற்குள் ஓர் அரசனுக்கு ஒரு முடிவு கட்டியாக வேண்டும்.

வயது நாற்பத்தாறு. விமானச் சரக்கு ஏற்றும் இடத்தில் சுமைத் திட்டம் போடுவது வேலை. எந்தப் பெட்டி விமானத்தின் வயிற்றில் எங்கே உட்கார வேண்டும், மூக்குப் பக்கம் எவ்வளவு எடை, வால் பக்கம் எவ்வளவு என்று முடிவு செய்து தருபவர். "பேலன்ஸ் ஆகணும் லா, இல்லாட்டி பறக்காது" என்பதை வேலைக்கு மட்டும் அவர் வைத்துக்கொள்வதில்லை. குளிர்பதனப் பெட்டியில் மனைவி மர்யம் பால் அட்டைப் பெட்டிகளை அடுக்கும்போதும் சொல்வார். "பறக்க வேணாம், குளிர்ந்தா போதும்" என்பார் மர்யம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மனிதர் ஒரு நாட்டையே நடத்துகிறார். டன்லப் ஸ்ட்ரீட்டில் பாஸ்போர்ட் படம் எடுத்து, நகலும் போட்டுத் தரும் ராமலிங்கத்தின் கடைக்கு மேலே ஓர் அறை இருக்கிறது. படம் எடுக்கப் பின்னால் தொங்கவிடும் பழைய நீலத் துணிகளை அங்கேதான் மாட்டி வைத்திருக்கிறார்கள். அவற்றின் அடியில் ஒரு மேசை, நான்கு நாற்காலிகள், ஒரு கிண்ணம் நிறைய முறுக்கு. மதியம் இரண்டு மணிக்கு ஆட்டம் தொடங்கும். ஒருவர் கதையையும் அதன் உலகத்தையும் சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் இதைச் செய்கிறேன்" என்று உள்ளே நுழைந்துகொள்ளும் ஆட்டம் அது. நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். பெரிய எண் விழுந்தால் நல்லது.

கடையில் விற்கும் ஆயத்தக் கதை எதையும் முகைதீன் தொட்டதில்லை. கடல் வற்றிப்போன ஒரு நாட்டை அவரே உண்டாக்கினார். சரக்குச் சீட்டுகளில் வரும் விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறிகளைத் திருகி ஊர்ப்பெயர் வைத்தார். திருச்சி திரிசாபுரம் ஆனது, கொழும்பு கம்பாத்துறை ஆனது. கடலைப் பூட்டி வைத்த அரசனுக்கு ஆழிக்கோன் என்று பெயர். ராமலிங்கத்துக்குச் சங்கு என்ற கிழட்டுத் திருடன். உயர்நிலைப்பள்ளியில் கணக்குச் சொல்லித்தரும் சுஷ்மிதாவுக்கு வேங்கை என்ற வாள்வீராங்கனை. மருத்துவமனையில் கைகால் பயிற்சி கொடுக்கும் இம்ரானுக்கு, யாரையும் கொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்த குயிலன் என்ற வைத்தியன். ஆறு வருடம் இப்படி ஓடிவிட்டது.

ஓடியது சரி, நிற்கவில்லை என்பதுதான் சிக்கல். கடைசி ஆட்டத்தை முகைதீன் மூன்று முறை தள்ளிப்போட்டார். முதல் தடவை காய்ச்சல் என்றார். இரண்டாம் தடவை வேலை மாற்றம் என்றார். மூன்றாம் தடவை காரணம் எதுவும் சொல்லவில்லை, கைபேசிக் குழுவில் செய்தி மட்டும் போட்டார். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை ஒன்றில் நாற்பத்திரண்டு பக்கங்கள் எழுதி வைத்திருந்தார். கோட்டையின் வரைபடம், ஆழிக்கோனின் மூன்று தளபதிகள், அவன் சாகும்போது பேசும் ஒன்றரைப் பக்க வசனம் எல்லாம் இருந்தன. இரவு உணவுக்கு உட்காரும்போது மர்யம் நலம் விசாரிப்பதுபோல் கேட்பார்: "ராஜா செத்தாரா?" முகைதீன் சோற்றைப் பிசைந்தபடி, "இன்னும் பேலன்ஸ் ஆகல" என்பார்.

அதற்குள் சுஷ்மிதாவின் கணவருக்கு வெளிநாட்டில், பெர்த்தில் வேலை உறுதியாகிவிட்டது. பெட்டி கட்டியாயிற்று. எஞ்சியிருந்தது ஒரே ஒரு ஞாயிறு. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை ராமலிங்கம் கடையிலிருந்து அழைத்தார்.

"நீ இந்த தடவையும் கேன்சல் பண்ணுவியா?"

"இல்லண்ணே. ரெடியாதான் இருக்கேன். கொஞ்சம் டச் பண்ணணும்."

"ஆறு வருஷமா நீ டச் பண்ணிக்கிட்டே இருக்க. நான் கோச்சுக்கல. ஆனா அந்தப் பொண்ணு போயிடும் லா. அப்புறம் நீ யாருக்குச் சொல்லப் போற?"

முகைதீன் போனைக் கீழே வைத்தார். அவரைக் குத்தியது இந்தக் கேள்வி மட்டுமில்லை. இருபத்தைந்து வயதில், தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணியில் உடனிருந்தவர்களுக்காக அவர் இதே போல இரண்டு வருடம் ஓர் ஆட்டம் நடத்தியிருந்தார். எல்லோரும் ஒரு கறுப்புக் கோபுரத்தின் வாசலுக்கு வந்து நின்றார்கள். உள்ளே இருப்பது அவர்கள் நினைத்ததைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று வாரா வாரம் தள்ளிப்போட்டார். பதினோரு வாரம். ஒருவனுக்குக் கல்யாணம் வந்தது, ஒருவன் துபாய் போனான், ஆட்டம் அப்படியே கரைந்துவிட்டது. போன வருடம் ஒரு நிக்காஹ் விருந்தில் அந்தக் கூட்டத்து அஹமது கபீரைப் பார்த்தார். நரைத்த தாடி, கையில் கடைக்குட்டி மகள். சலாம் சொல்லி, நலம் கேட்டு முடித்ததும் கபீர் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கோபுரத்துக்குள்ள என்னடா இருந்துச்சு? இருபது வருஷமா யோசிக்கிறேன்." முகைதீனிடம் சொல்ல ஒன்றுமில்லை. அப்போதும் இருந்ததில்லை.

அதுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் செவ்வாய் இரவு மர்யமிடம் சொன்னார். பாலிகிளினிக் என்ற அரசு மருந்தகத்தின் முகப்பில் நாளெல்லாம் நோயாளிகளுக்கு எண் கொடுத்துவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்த மர்யம், முழுவதையும் கேட்டார்.

"அவங்களுக்கு என்ன வேணுமாம்?" என்றார்.

"யாருக்கு?"

"ஆடுறவங்களுக்கு. நீங்க நாப்பது பக்கம் எழுதியிருக்கீங்க. அவங்க கடைசில என்ன பாக்கணும்னு நெனக்கிறாங்கன்னு கேட்டீங்களா?"

"அதெல்லாம் கேக்க மாட்டாங்க. கதை நடத்துறவன் கேட்டா அப்புறம் சஸ்பென்ஸ் எங்க இருக்கு?"

"எங்க கவுண்டருக்கு வர்றவங்ககிட்ட என்ன செய்யுதுன்னு கேட்டுட்டுதான் டாக்டர்கிட்ட அனுப்புறோம்" என்றார் மர்யம். "கேட்டதால வைத்தியம் கெட்டுப்போகல."

மறுநாள் சாங்கியில் மதிய இடைவேளையின்போது மூவரிடமும் தனித்தனியாகப் போனில் பேசினார். ஒரே கேள்வி: முடியறதுக்குள்ள ஒரு விஷயம் நடக்கணும்னா, எது? பூதம், போர், மணிமுடி என்று ஏதாவது வரும் என்று எதிர்பார்த்து, கையில் பேனாவோடுதான் அமர்ந்திருந்தார்.

சுஷ்மிதா யோசிக்கவே இல்லை. "ரெண்டாவது வருஷம் கம்பாத்துறையில ஒரு கழுதையை விட்டுட்டு வந்தோம் இல்லண்ணா? மேனேஜர்னு பேர் வச்சோமே. திரும்பி வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். போகவே இல்ல. அது உயிரோட இருக்கான்னு மட்டும் தெரிஞ்சா போதும்." நாற்பத்திரண்டு பக்கங்களில் அந்தக் கழுதை ஓரிடத்திலும் இல்லை.

ராமலிங்கம் முதலில் சிரித்தார். பிறகு, "சங்கு எப்பப் பாத்தாலும் ஓடிடுறான். சுஷ்மிதா எண்ணி வச்சிருக்கு, முப்பத்தொரு தடவையாம். ஒரு தடவை ஓடாம நிக்கணும் லா" என்றார்.

முகைதீனை அண்ணன் முறை வைத்து நானா என்று அழைக்கும் இம்ரான்தான் தயங்கினார். "சொன்னா சின்னப்புள்ளத்தனமா இருக்கும், நானா. நான் ஒவ்வொரு தடவையும் 'மொதல்ல பேசிப் பாக்கலாம்'னு சொல்றேன். அதுக்குள்ள சுஷ்மிதா வாளை உருவிடுது. ஒரு தடவை நான் பேசி முடிக்கணும். அவ்வளவுதான்."

அன்று மாலை வீடு திரும்பும் ரயிலில் முகைதீன் உதட்டை அசைக்கவில்லை. பிளாஸ்டிக் உறையைத் திறந்து தளபதிகளைத் தூக்கினார். வரைபடத்தைத் தூக்கினார். ஒன்றரைப் பக்க வசனத்தை இரண்டு தடவை படித்துவிட்டு அதையும் எடுத்து மடித்தார். புதிதாக எழுதியது மூன்று தாள். கடைசித் தாளின் அடியில் தனக்கே ஒரு விதி எழுதிக்கொண்டார்: கடல் வருமா வராதா என்பதைப் பகடை தீர்மானிக்கக் கூடாது, என்ன விலைக்கு வரும் என்பதை மட்டும் தீர்மானிக்கட்டும். ஆறு வருடம் நடந்து வந்தவர்களை ஒரு கெட்ட எண் வாசலோடு திருப்பி அனுப்பிவிடக் கூடாது.

ஞாயிறன்று டன்லப் ஸ்ட்ரீட்டில் வழக்கம்போலக் கால் வைக்க இடமில்லை. விடுமுறைக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முகைதீன் மேலே ஏறியபோது மூவரும் முன்பே உட்கார்ந்திருந்தார்கள். மெலிந்துபோன உறையைப் பார்த்து ராமலிங்கம் புருவத்தை உயர்த்தினார். 

வற்றிய துறைமுகத்தின் வாசலில், தண்ணீர்த் தோண்டிகள் சுமந்த கழுதை ஒன்று நின்றது என்றார் முகைதீன். மூக்கு நரைத்திருக்கிறது. ஊர்ப் பிள்ளைகள் அதற்கு வெல்லம் கொடுக்கிறார்கள். வேங்கையைக் கண்டதும் வந்து அவள் சட்டைக் கையைக் கடித்து இழுக்கிறது. "கோவமா இருக்கா, சந்தோஷமா இருக்கா?" என்று சுஷ்மிதா கேட்டார். "ரெண்டும்" என்றார் முகைதீன். வகுப்பில் நாற்பது பேரை ஒரு பார்வையில் அடக்கும் சுஷ்மிதா, கைப்பையில் டிஷ்யூவைத் தேட ஆரம்பித்தார்.

ஆழிக்கோன் கோட்டையில் தனியாக இருந்தான். காவல் இல்லை, படை இல்லை. சுஷ்மிதாவின் கை பழக்கதோஷத்தில் பகடைக்குப் போனது. "பேசிப் பாக்கலாம்" என்றார் இம்ரான். வழக்கமான, பாதியில் வெட்டுப்படப்போகும் குரல்தான். சுஷ்மிதா அவரைப் பார்த்தார். பகடையை மேசைமேல் வைத்து, அதன்மேல் உள்ளங்கையையும் வைத்துக்கொண்டார். "பேசு" என்றார்.

இம்ரான் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "ஏன் பூட்டுனீங்க?"

முகைதீன் திகைத்துப்போனார். நாற்பத்திரண்டு பக்கங்களில் பதினேழாவது பக்கம் முழுக்க அதற்கான பதில்தான். ஆறு வருடத்தில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. ரயிலில் பழகிய கரகரத்த குரலுக்கு முயன்றார். வந்தது அவருடைய சொந்தக் குரல். "என் மக படகுல போனா. திரும்பி வரல. இன்னொருத்தர் வீட்டுல அப்படி நடக்கக் கூடாதுன்னு பூட்டினேன்."

"பூட்டுனப்புறம் தூக்கம் வந்துச்சா?"

இதற்குப் பதினேழாம் பக்கத்திலும் பதிலில்லை. கீழே கடைக்கு யாரோ வந்து மணியடித்தார்கள், ராமலிங்கம் எழுந்திருக்கவில்லை. முகைதீன் மேசையைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். ஆழிக்கோனாக யோசித்தார். "வரல" என்றார்.

அதன் பிறகு வாளுக்கு வேலை இருக்கவில்லை. குயிலன் பேசப் பேச அரசன் கேட்டான்; கேட்டுவிட்டுச் சாவியை நீட்டினான். கடல்கதவைத் திறக்க இம்ரான் பகடையை உருட்டினார். நான்கு விழுந்தது. விலை வந்துவிட்டது. கதவு பாதியில் சிக்கிக்கொண்டது என்றார் முகைதீன். மற்றவர்கள் குன்றின்மேல் ஏறும்வரை ஒருவர் நின்று கதவைத் திறக்கும் சக்கரத்தைப் பிடித்திருக்க வேண்டும். விட்டால் கதவு சாத்திக்கொள்ளும், மறுபடி திறக்காது. பிடித்திருப்பவர்மேல் கடல் வரும்.

ஒருவரும் ராமலிங்கத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க முயன்றார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சங்கு நிக்கிறான்" என்றார்.

முகைதீன் கடலைச் சொன்னார். முதலில் உப்பு வாடை, பிறகு சேற்றில் சாய்ந்து கிடந்த கப்பல்கள் ஒவ்வொன்றாக முனகி நிமிரும் ஓசை, குன்றின்மேல் கழுதையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இருவர், பக்கத்தில் ஆழிக்கோன், அவர்களுக்குக் கீழே சக்கரத்தை விடாத இரண்டு கிழட்டுக் கைகள். தண்ணீர் அவன் தலைக்கு மேலே போனதும் நிறுத்தினார். சங்கின் முடிவு மூன்று தாள்களிலும் இல்லை. வேண்டுமென்றேதான் எழுதாமல் விட்டிருந்தார்.

"லிங்கம் அண்ணே, நீங்களே சொல்லுங்க. இருக்கானா?"

ராமலிங்கம் நீலத் துணியை நிமிர்ந்து பார்த்தார். இம்ரான் கையிலிருந்த முறுக்கைக் கடிக்காமலே வைத்திருந்தார்.

"இருக்கான் லா" என்றார் கடைசியில். "நல்லா நனைஞ்சிட்டான்."

முதலில் சிரித்தது சுஷ்மிதா. சிரிப்பு நிற்கவே இல்லை. முகைதீன் நாற்காலியில் சாய்ந்தார். பின்கழுத்திலிருந்து ஏதோ இறங்கிப்போவது போலிருந்தது. மணி ஐந்தே முக்கால். எல்லாம் முடிந்துவிட்டது, யாரும் எங்கேயும் கரைந்துபோகவில்லை. மர்யமுக்கு ஒரு செய்தி அனுப்பினார்: "ராஜா சாகல. கதை முடிஞ்சிருச்சு." உடனே பதில் வந்தது: "அல்ஹம்துலில்லாஹ். வரும்போது முட்டை வாங்கிட்டு வாங்க."

எல்லோருமாகப் பக்கத்துக் கடைக்குப் பரோட்டா சாப்பிடப் போனார்கள். உட்கார்ந்ததுமே வாக்குவாதம் தொடங்கிவிட்டது. கடல் வந்துவிட்டதே, இனிமேல் துறைமுகத்தை யார் பார்த்துக்கொள்வது? வேங்கை என்றார் சுஷ்மிதா. சங்குக்குத்தான் கப்பல்காரர்களின் திருட்டு எல்லாம் தெரியும் என்றார் ராமலிங்கம். ஆழிக்கோனுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கப் போவதாக இம்ரான் அறிவித்தார். வாக்குவாதம் எந்தப் பக்கமும் நகராமல் நிற்க, மூவரும் ஒரே நேரத்தில் முகைதீன் பக்கம் திரும்பினார்கள். "அப்புறம் என்னதான் ஆச்சு?" என்று கேட்டார் சுஷ்மிதா.

முகைதீன் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். நாற்காலியை இம்ரானுக்கும் சுஷ்மிதாவுக்கும் நடுவே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எதிரே ராமலிங்கத்தின் தட்டிலிருந்து ஒரு துண்டு பரோட்டாவைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டு, கதை கேட்க வந்தவர்போலக் கன்னத்தில் கையை ஊன்றினார்.

"ம், அப்புறம்?" என்றார்.