மூன்றரை மணி நாடகமும் மூடின கதவும்

அந்தக் கதவின் பித்தளைக் கைப்பிடி சில்லென்று இருந்தது...

கொழும்பு வெயில் முதுகைச் சுட்டுக்கொண்டிருக்க, உள்ளே ஓடுற ஏசியின் குளிர் மட்டும் கைப்பிடி வழியாக என் விரலுக்கு வந்தது. இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. நாடகம் தொடங்கி இருபது நிமிசம்.

பிழை என்னுடையது. முழுக்க முழுக்க.

கெம்பஸில் கடைசி வருசம் அது. நாங்கள் மூன்று பேர். ஜெனிற்றா மட்டக்களப்பு டவுன். சுகி கதிரவெளி, மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை, வாய் கொஞ்சம் கூட. நான் குருக்கள்மடம். சோதனை முடிந்த கையோடு ஒரு சனி ஞாயிறு கொழும்புக்குப் போவது, வெள்ளவத்தையில் ஜெனிற்றாவின் பெரியம்மா வீட்டில் நின்று நல்ல நாடகமொன்று பார்ப்பது என்று முடிவு.

எந்த நாடகம் என்று தேடுகிற வேலை எனக்கு. காரணம் வேற ஒன்றுமில்லை, எல்லாத்துக்கும் பயப்படுகிற ஆள் நான். சுகிக்குச் சிரிக்க வேணும். ஜெனிற்றாவுக்கு ஞாயிறு காலைப் பூசை தவறக்கூடாது. நானோ பேப்பர் விளம்பரங்களை வெட்டி வைத்துக்கொண்டு, கதையைப் பற்றி ஒன்றும் விசாரிக்கமாட்டேன். எத்தனை மணிக்கு முடியும், நாடக ஹோலுக்குப் பக்கத்தில் பஸ் நிற்குமா, டொய்லெட் உள்ளுக்கா வெளியிலா... இதுதான் என்னுடைய நாடக விமர்சனம். இப்படி அலசித்தான் அந்தச் சனிக்கிழமை மூன்றரை மணி ஷோவைப் பிடித்தேன்.

எல்லாத்துக்கும் பயந்த நான் நேரத்துக்கு மட்டும் பயப்படவில்லை.

ஏனென்றால் நான் கூத்துப் பார்த்து வளர்ந்தவள். எங்கட ஊரில் எட்டு மணிக்குக் கூத்து என்றால், எட்டுக்குப் போய்க் கூத்தாடுகிற களரியைச் சுற்றிப் பாய் விரித்து இடம் பிடிப்போம். மறுகா வீட்டுக்கு வந்து ஆறுதலாகச் சோறு தின்று, திரும்பக் கிறுகிப் போனாலும் கூத்துப் பழக்கின அண்ணாவியார் தேத்தண்ணி குடித்துக்கொண்டுதான் இருப்பார். மத்தளம் அடிக்கப் பத்தாகும். அதே கணக்கில், மூன்றரை என்றால் நாலரைக்குத்தான் தொடங்குவார்கள் என்று மற்ற ரெண்டு பேருக்கும் அடித்துச் சொல்லிவிட்டேன். கடற்கரையில் இறால் வடை தின்று, காற்று வாங்கி, ஆடி அசைந்து வந்தோம்.

வாசலில் நின்ற வெள்ளைச் சட்டைக்காரர் தன்மையாகத்தான் சொன்னார். தொடங்கினால் இனி இடைவேளைக்குத்தான் திறப்பார்களாம்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு தூரம் பஸ்ஸில் இடிபட்டு வந்தது இதுக்கா... வாங்க, பெரியம்மா வீட்டுக்கே போவம் என்றேன். ஜெனிற்றாவும் பையைத் தோளில் போட்டாள்.

சுகி ஹோல் படியில் சப்பாணி கட்டி இருந்துவிட்டாள்.

"ஏன் கா போகணும்? டிக்கெட் நம்மட கையில. கதவு திறக்கும்தானே."

அந்த வழியால் போன ஒரு அம்மா நின்று, எந்த ஊர்ப் பிள்ளைகள் என்று விசாரித்தார். பொம்பிளைப் பிள்ளைகள் படியில் குந்தியிருப்பது வடிவில்லையாம். மட்டக்களப்பு என்று சுகி பெருமையாகச் சொன்னாள். எழும்பவில்லை. நாங்களும் அவளுக்குப் பக்கத்தில் இருந்தோம்.

கதவுக்குக் கீழால் சத்தம் வந்தது. ஒரு ஆம்பிளை கத்துகிறான்... ஒரு பொம்பிளை அழுகிறாள்... ஏதோ தட்டு விழுகிறது. அதை வைத்து சுகி கதை கட்டத் தொடங்கினாள். கத்துகிறவன் மூத்த அண்ணனாம், தங்கச்சியின் காணியைப் பிடுங்கப் பார்க்கிறானாம். இடைவேளைக்குள் அவனை வாவியில் தள்ளிச் சாகடித்தும் விட்டாள்.

கதவு திறந்தது. உள்ளே போனோம். லைட் அணைந்து திரை விலக, அந்தக் கத்தின குரல்காரன் குத்துக்கல்லாட்டம் மேடையில் நிற்கிறான். சுகி என் காதுக்குள்,

"இவன நான் அப்பவே சாகடிச்சிட்டனே கா."

மேடையில் தாய் அழுகிறாள், நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறோம். முன் சீட் ஆட்கள் திரும்பித் திரும்பி முறைத்தார்கள். உண்மையான முதல் பாதி என்னவென்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. சுகி சொன்னது அதைவிட நல்லாத்தான் இருந்திருக்கும்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது, இனி ஷோ பார்த்துச் சொல்ல என்னைக் கேட்காதீங்க என்றேன். நல்லது என்றாள் ஜெனிற்றா. சுகி விடவில்லை.

"நீதான் பாக்கணும். இனி நீ நேரத்தையும் கேப்பாய்."

கேட்டேன். கலியாணம் முடிக்கும் வரைக்கும் நான்தான் பார்த்தேன். லைட் போடமுதலே ஹோல் வாசலில் நிற்போம்.

இப்போது மகளுக்குப் பத்து மாதம். அவள் நித்திரையான பிறகுதான் இதை எழுதுகிறேன்.

போன கிழமை எங்கட வாட்ஸ்அப் குரூப்பில் சுகி போட்டிருந்தாள்: வாற மாசம் மூணு பேரும் கொழும்பு, ஷோவ நீ பாரு. 'புள்ள இருக்கு கா, நீங்க போங்க' என்று டைப் பண்ணினேன். அனுப்பாமல் வைத்தேன்...

அப்போது எங்களை மறிக்க ஒரே ஒரு வெள்ளைச் சட்டைக்காரர்தான். இப்போது வீட்டிலும் ஒழுங்கையிலும் எத்தனை பேர். புள்ள பெத்தவளுக்கு என்ன நாடகம் என்று மாமி பகிடியாகக் கேட்டா. பக்கத்து வீட்டு அக்கா பகிடியில்லாமலே கேட்டா. எல்லாரையும் விடப் பெரிய வாசல்காரி என் மண்டைக்குள்ளேயே நிற்கிறாள். பஸ்ஸில் சத்தி எடுத்தால்? காய்ச்சல் வந்தால்? ஹோலுக்குள் வீரிட்டு அழுதால்?

டைப் பண்ணினதை அழித்தேன்.

அடுத்த நாள் அதே ஹோலுக்குப் போன் எடுத்தேன். தொடங்குகிற நேரத்தை ரெண்டு தரம் கேட்டேன். கைக்குழந்தை கொண்டு வரலாமா என்றும் கேட்டேன். கொண்டு வரலாமாம். ஆனால் அழுதால் வெளியே போகவேணுமாம், போனால் இடைவேளைக்குத்தான் திரும்ப உள்ளே விடுவார்களாம்.

"ஓம், தெரியும்" என்றேன்.

மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்தாச்சு. மூன்றரை ஷோ, ஓரத்துச் சீட். மாமிக்கும் சொல்லியாச்சு, அக்காவுக்கும் சொல்லியாச்சு. மூன்று மணிக்கே வாசலில் நிற்பேன்.

மகள் அழுதால் அழட்டும். தூக்கிக்கொண்டு வந்து அந்தப் படியில் இருப்பேன். பழகின படிதான். உள்ளே என்ன நடக்கிறது என்று அவளுக்குச் சொல்ல சுகியும் கூட வருவாள்.

கதவு திறக்கும்தானே.