போன அம்பாள் திரும்பி வந்தாள்

கல்கத்தாவில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிய புதிது. பவானிபூரில் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பாவுக்கு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா வேலை. எனக்கு ஒன்பது வயது, அண்ணாவுக்குப் பன்னிரண்டு.

அந்த வருஷம் அக்காவின் பிரசவத்துக்காக அம்மா கும்பகோணம் போயிருந்தாள். "அம்மா இல்லாமல் கொலுவா?" என்றார் அப்பா. நாங்கள் விடவில்லை. ஒரு பொம்மைக்கும் சேதம் வராது என்று சத்தியம் செய்து, பெட்டிகளை அடுக்கிப் படி கட்டினோம். மேல் படியில் அம்மா கல்யாணச் சீராகக் கொண்டுவந்த மண் அம்பாள். சுண்டலைத் தீய்த்ததைத் தவிர ஒன்பது நாளும் ஒரு குறையும் இல்லை.

எதிர்வீட்டில் துர்கா பூஜை. துர்கையை அவர்கள் 'மா', அதாவது அம்மா, என்பார்கள். அந்த வீட்டுப் பெரியவரைக் காகாபாபு, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடுவோம். தீய்ந்த சுண்டலையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். தசமியன்று மத்தியானம் வந்தார். அப்பாவும் அண்ணாவும் வெளியே போயிருந்தார்கள். "எங்கள் மா புறப்படப் போகிறாள். உங்கள் மாவையும் கூட அனுப்பட்டுமா?" என்று வங்காளியில் கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் ஊரில் சாமி வீதி சுற்றிவிட்டுக் கோயிலுக்குத் திரும்பிவிடுமே! அம்பாளுக்குப் புதுப் பாவாடை கட்டி நானே தூக்கிக் கொடுத்தேன்.

சற்று நேரத்தில் அண்ணா வந்தான்.

"எங்கேடி அம்பாள்?"

"ஊர்வலம் போயிருக்கா. காகாபாபு எடுத்துண்டு போனார். சாயங்காலம் வந்துடுவா."

"அசடே! இந்த ஊர்ல சாமி போனா திரும்பி வராது. கங்கையில கரைச்சுடுவா!"

அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? இருவரும் செருப்புக்கூடப் போடாமல் ஓடினோம். படித்துறையில் இடுப்பளவு தண்ணீரில் காகாபாபு. கையில் எங்கள் அம்பாள். தொண்டை கிழியக் கத்தினோம். மேளச் சத்தத்தில் யார் காதில் விழும்? அண்ணா சட்டென்று பாய்ந்து மேளக்காரரின் குச்சிகளைப் பிடுங்கினான். சத்தம் நின்றது.

"காகாபாபு! நா! நா!" என்று, வேண்டாம் என்பதை வங்காளியில் அலறினேன்.

அவர் திகைத்துப் போய்க் கரையேறினார். எங்கள் அம்மன் ஊர் சுற்றிவிட்டு வீட்டுக்கே வருவாள் என்று அண்ணா மூச்சு வாங்கச் சொன்னான். அவர் அம்பாளையே பார்த்துக்கொண்டு நின்றார். தம் வீட்டு மாவை அப்போதுதான் தண்ணீரில் விட்டிருந்தார். கண் இன்னும் ஈரமாக இருந்தது. "திரும்பி வருகிற மாவா!" என்றவர், மேளக்காரரைப் பார்த்து, "வாசியுங்கள், வீடு வரைக்கும்!" என்றார்.

அப்படி ஒரு ஊர்வலம் எங்கள் சந்து கண்டதில்லை. முன்னால் மேளம், நடுவில் அம்பாளைத் தலைமேல் ஏந்திய அண்ணா, பக்கத்தில் ராணி மாதிரி நான். மாவை வழியனுப்பிவிட்டு அழுதுகொண்டிருந்த பெண்கள் வாசலுக்கு ஓடிவந்து சங்கு ஊதினார்கள். எங்கள் வாசலில் நின்ற அப்பா, திட்ட வாயெடுத்தவர், கையைக் கூப்பிவிட்டார்.

அண்ணா சாகும்வரை என்னை அசடு என்றுதான் கூப்பிட்டான். இருக்கட்டும். அழுதுகொண்டிருந்த ஒரு தெருவையே சிரிக்கவைத்த அசட்டுத்தனத்துக்கு வெட்கப்பட எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.