ஹென்றி உயிரோடு இருக்கிறார்

ஜூடி என் தம்பி சவரிமுத்துவின் இரண்டாவது மகள். ராயபுரத்தில் எங்கள் தெருவில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. அவளை வீட்டுக்கு வா என்று கூப்பிடுகிறவர்களும் இல்லை. பிணத்தை வைக்கிற ஐஸ் பெட்டியை வாடகைக்கு விடுகிறவளை யார் ஆசையாகக் கூப்பிடுவார்கள்? அவளும் புருஷன் பிராங்கிளினும் சேர்ந்து நடத்துகிற கடை அது. பெட்டியைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவது, கரண்ட் கொடுப்பது அவன் வேலை. ஃபோன் வர வைப்பது அவள் வேலை.

முன்பெல்லாம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் டீக்கடையில் கேட்பார்கள், ஐஸ் பெட்டி எங்கே கிடைக்கும் என்று. இப்போது அடுத்த வீட்டுக்காரனே செல்லை எடுத்துத் தேடுகிறான். தேடினால் எவன் பேர் மேலே வருகிறதோ அவனுக்குத்தான் ஃபோன். திருவொற்றியூரில் ஒரு பெரிய கடைக்காரன் காசு கட்டி மேலே நின்றுகொண்டிருந்தான். ஜூடியிடம் கட்டுவதற்குக் காசில்லை. ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் யானைக்கவுனியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இருந்தவள். அங்கே கற்றது அவளுக்குக் கை கொடுத்தது.

ஒரு தளம் இருக்கிறதாம். யார் வேண்டுமானாலும் ஒரு பக்கம் திறந்து, சின்னச் சின்னதாக எழுதி, படம் போடலாம். ஜூடி அதில் செத்தவர்களைப் பற்றி எழுதினாள். சுவரில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி மாதிரிதான். பேர், எந்தத் தெரு, எங்கே வேலை பார்த்தார், எப்போது எடுக்கிறார்கள், ஒரு படம், அடியில் கடை நம்பர். துபாயில் இருக்கிற அக்காள் மகன் மாமன் பேரைப் போட்டுத் தேடினால் ஜூடியின் பக்கம்தான் வரும். வருகிறவர்கள் அதிகமானால் அந்தப் பக்கத்துக்கு மதிப்பு ஏறும். மதிப்பு ஏறினால், ‘ராயபுரம் ஐஸ் பெட்டி’ என்று தேடுகிறவனுக்கும் ஜூடியின் கடைதான் முதலில் தெரியும்.

அந்தத் தளத்தில் இன்னொரு வசதி. ஒருவர் எழுதினதை இன்னொருவர் ஒரே அழுத்தில் தன் பக்கத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டால் அது அவர் சொத்து. எழுதினவள் அழித்தாலும் அது அழியாது. ஜூடி வேறு வேறு பேரில் பக்கங்கள் திறந்து, ஒன்றில் எழுதியதை மற்றதில் எல்லாம் எடுத்துப் போடுவாள்.

“நாலு பக்கம் சேந்து ஒரே சாவ சொன்னா மெஷினு நம்பிடும் பெரியப்பா,” என்று என்னிடம் சொன்னாள்.

நன்றாகவும் எழுதுவாள், அதைச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர் செத்ததற்கு, ‘கப்பலில் இருந்து எத்தனையோ பேர் சாமானை நோகாமல் இறக்கி வைத்தவர்’ என்று எழுதியிருந்தாள். அந்தக் குடும்பம் அதைப் பார்த்துப் பார்த்து அழுதது.

எங்கள் சபையில் சாகக் கிடப்பவருக்குச் சாமியார் வந்து எண்ணெய் பூசுவார். நோயில்பூசுதல் என்று இப்போது சொல்கிறார்கள். என் வயதுக்காரர்கள் அவஸ்தை கொடுப்பது என்போம். சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு ஸ்கூட்டரில் ஒரு வீட்டு வாசலில் வந்து இறங்கினால், பந்தல்காரன் மூங்கிலைத் தனியாக எடுத்து வைக்க ஆரம்பித்துவிடுவான். பூசியபிறகு எழுந்து நடந்தவர்கள் உண்டு, சொற்பம். ஜூடி அந்த ஸ்கூட்டரைக் கவனித்துக்கொண்டே இருப்பாள். பூசின அன்றே பதிவை எழுதி, நாளைக் காலையில் தானாக வெளியே போ என்று வரிசையில் வைத்துவிடுவாள். ஆள் பிழைத்துக் கிடந்தால் காலையில் எழுந்ததும் அதைத் தள்ளி வைப்பாள். செத்த சேதியோடு திருவொற்றியூர்க்காரனுக்கு முன்னால் போய் நிற்க வேண்டுமே.

“பாவம்டி இது,” என்பான் பிராங்கிளின்.

“பந்தல்காரன் மூங்கில எடுத்து வக்கிறானே, அது இன்னா புண்ணியமா?” என்பாள்.

ஹென்றி, செத்துப்போன என் தங்கை ரெஜினாவின் புருஷன். எனக்கு மச்சான், ஜூடிக்கு மாமா. காசிமேட்டில் லாஞ்சு இன்ஜின் மெக்கானிக்காக இருந்தவன். இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ஜானட், அவளும் ஹென்றியும்தான் வீட்டில். இளையவன் ஃப்ரெடி, காட்டுப்பள்ளியில் வெல்டராக இருந்தான். புளியந்தோப்பு மகிழினியை விரும்பி, கோயிலில் வைக்காமல் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றான். ஹென்றி வாசற்படியில் நின்றபடி சொன்னது தெருவுக்கே கேட்டது.

“நான் செத்தாகூட உனுக்கு யாரும் சொல்ல மாட்டாங்க. போ.”

எங்கள் வகையறாவில் கல்யாணத்துக்குச் சொல்லாமல் விட்டால் பிறகு ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துச் சரிக்கட்டிவிடலாம். சாவு சொல்லாமல் விட்டால் சரிக்கட்ட முடியாது. அதையும் செத்தவருக்கு ரத்த சம்பந்தம் உள்ளவர் வாயால் சொல்ல வேண்டும். என் அப்பன் செத்தபோது, வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத எண்ணூர்ப் பெரியப்பன் வீட்டுக்கு நான்தான் போய்ச் சொன்னேன். ஒரு வார்த்தை பேசாமல் வந்து பாடையில் தோள் கொடுத்தார். சொல்லியிருக்காவிட்டால் அவர் பேரப்பிள்ளைகள்கூட எங்களை யாரோ என்று ஒதுக்கியிருப்பார்கள். ஹென்றி அந்த வார்த்தையைச் சொன்னதும் ஜானட் காதைப் பொத்திக்கொண்டாள்.

ஃப்ரெடி மகிழினியையும் கூட்டிக்கொண்டு மஸ்கட் போய்விட்டான். கிறிஸ்துமஸ் அன்று மட்டும் ஜானட்டுக்கு ஃபோன் செய்வான், ஒவ்வொரு வருஷமும் வேறு வேறு நம்பரில் இருந்து. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்க மாட்டான். “வூட்ல எல்லாரும் கீறாங்களா?” என்பான். அவ்வளவுதான். ஹென்றி பேப்பர் படிக்கிற மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். ஃபோன் வந்ததும் எழுந்து ஃபேனை மட்டும் நிறுத்துவான். ஃபேன் சத்தத்தில் பையன் குரல் கேட்காது.

போன வருஷத் தவக்காலத்தில் ஹென்றிக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சாமியார் வந்து எண்ணெய் பூசினார். ஜூடி மாமன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வீட்டுக்குப் போய் எழுதினாள். அவள் எழுதினதிலேயே அதுதான் நல்லது என்று பிராங்கிளின் சொல்கிறான். எழுதி வரிசையில் வைத்தாள்.

மறுநாள் விடியும்போதே எண்ணூரிலிருந்து ஃபோன். அங்கே வைத்திருந்த பெட்டி குளிரவில்லை, பிணம் வீங்குகிறது என்று கத்தினார்கள். இருவரும் வேறு பெட்டியை ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். அந்த அமளியில் அவள் செல் சார்ஜ் இல்லாமல் செத்துப்போனது. பதிவு தானாக வெளியே போய்விட்டது. அவள் திரும்பி வந்தபோது ஹென்றி வீட்டு வாசலில் மாலையோடு ஜனம் நின்றது. உள்ளே ஹென்றி தலையணையில் சாய்ந்து ஜானட் கையால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.

“வாடி,” என்றாள் ஜானட். “பொட்டி எட்தாந்தியா? மாமன அப்டியே வச்சி மூடிடு.”



“வுடு ஜானட்டு,” என்றான் ஹென்றி. வாய் கோணிப் பேச்சு குழறியது. “இன்னா எழுதிகீறான்னு படி.”

ஜூடி படித்தாள். நடுக்கடலில் நின்றுபோன இன்ஜினின் சத்தத்தைக் கரையில் இருந்தே ஃபோனில் கேட்டு, எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லுவார் என்று எழுதியிருந்தாள்.

“மெய்யாலுமே செத்தா எவனும் இவ்ளோ நல்லா சொல்ல மாட்டான்,” என்றான் ஹென்றி. கஞ்சியைத் தள்ளிவிட்டுக் கேட்டான்: “இத வெளியூர்ல கீறவங்களும் பாப்பாங்களா?”

அவள் அப்போதே பதிவை அழித்தாள். தன் மற்றப் பக்கங்களிலும் அழித்தாள். அதற்குள் குவைத்தில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் பக்கம் அதை எடுத்திருந்தது. காசிமேட்டுப் பையன்கள் பக்கம் எடுத்திருந்தது. அவர்களிடமிருந்து யார் யாரோ. சிலரைக் கெஞ்சி எடுக்க வைத்தாள். மற்றது நின்றது.

கிறிஸ்துமஸ் வந்தது. பூசை முடிந்து வந்து ஜானட் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஹென்றியால் எழுந்து போக முடியவில்லை, ஃபேனை நிறுத்தச் சொன்னான். சாயங்காலம் வரைக்கும் புழுக்கத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஃபோன் வரவில்லை.

மறுநாள் ஜானட் அப்பன் பேரைப் போட்டுத் தேடினாள். குவைத்துப் பக்கத்தில் அவனுடைய சாவு அப்படியே நின்றது. கீழே மெழுகுவத்திப் படங்கள். அவற்றின் நடுவில் ஃப்ரெடி பேரில் ஒரு வரி.

‘எனக்கு யாரும் சொல்லல.’

பேரைத் தொட்டால் இப்படி ஒரு கணக்கே இல்லை என்று வந்தது. எழுதிவிட்டு மூடிப் போட்டிருக்கிறான். போன வருஷத்து நம்பர் உபயோகத்தில் இல்லை. ஜானட் புளியந்தோப்புக்குப் போனாள், மகிழினியின் அம்மா பூவம்மாவைத் தேடி. அந்தக் குடியிருப்பைப் புதிதாகக் கட்டுவதற்காக இடித்திருந்தார்கள். பூவம்மா எந்தப் பக்கம் குடிபோனாள் என்று அங்கே நின்றவர்களுக்குத் தெரியவில்லை.

அப்பன் சொன்னதைச் செய்துவிட்டான், அக்காள் அதற்கு உடந்தையாக இருந்தாள்: அந்தப் பையன் மஸ்கட்டில் இப்படித்தானே நினைத்திருப்பான்.

ஹென்றி ஜூடியைக் கூப்பிட்டனுப்பினான்.

“சாவ மேல ஏத்தத் தெரியுது உனுக்கு. உசுர ஏத்தத் தெரியுமா?”

“ஏத்தறேன் மாமா.”

“சீக்கிரம் ஏத்து. நான் ரொம்ப நாளைக்குத் தாங்க மாட்டேன்.”

அன்றிலிருந்து தினமும் ஒரு பதிவு. ‘ராயபுரம் ஹென்றி உயிரோடு இருக்கிறார்.’ அன்றைய தினத்தாளை அவன் கையில் கொடுத்து, தேதி தெரிகிற மாதிரி படம் எடுப்பாள்.

“கட்த்திகினு போய் வச்ச ஆளு மாரி கீது,” என்பான் ஹென்றி. ஆனாலும் தலை வாரிவிடச் சொல்லுவான்.

இன்று கஞ்சி குடித்தார். இன்று ஜன்னலில் வந்த காக்காயைத் திட்டினார். இன்று சின்னமலைக் கோயில் தைலம் தேய்த்தோம், கை கொஞ்சம் தூக்கினார். முதல் வரியிலேயே பேர், ஊர், காசிமேடு, இன்ஜின் மெக்கானிக், எல்லாம் வருகிற மாதிரி எழுதுவாள். மற்றப் பக்கங்களில் எடுத்துப் போடுவாள். வேறு யாரும் எடுக்கவில்லை.

“செத்த சேதின்னா எல்லாரும் தொடுறாங்க பெரியப்பா. கஞ்சி குட்ச்சவன யாரு தொடுவா?” என்றாள்.

பிறகு ஒன்று செய்தாள். அவள் எழுதி வைத்திருந்த எல்லா அஞ்சலிக்கும் அடியில், ஹென்றி உயிரோடு இருக்கிறார் என்று எழுதி, தொட்டால் அங்கே போகிற மாதிரி வைத்தாள். அம்மா செத்து வருஷம் திரும்பாத ஜெயவேல் கடைக்கு வந்து நின்றான்.

“எங்கம்மா படத்துக்குக் கீய ஹென்றி உசுரோட கீறாருன்னு இன்னாத்துக்குப் போட்டுகீற? நக்கலா?”

“அவரு புள்ள தேடுவான், அண்ணா.”

“என் அம்மாவாண்ட வந்தா தேடுவான்?”

அவள் மன்னிப்புக் கேட்டாள், எடுக்கவில்லை. கடைக்கு ஃபோன் குறைந்தது. ஐஸ் பெட்டி தேடி வருகிறவன், பேப்பர் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு கிழவனைப் பார்த்துவிட்டுத் திருவொற்றியூர்க்காரனைக் கூப்பிட்டான். பிராங்கிளின் வண்டியில் உட்கார்ந்து கதவைத் தட்டிக்கொண்டிருப்பான்.

“ஊருல சாவுக்கா பஞ்சம்? நம்ம கடை பேஜாராகிகினு கீது.”

“இருக்கட்டும்,” என்பாள்.

கோடை வந்தது. ஹென்றிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு நாள் கேட்டான்:

“இன்னிக்கு இன்னா எழுதப் போற?”

“சங்கரா மீன் கொயம்பு கேட்டீங்கன்னு.”

“எழுது. அதுக்கு கீய, சொல்லுவாங்கன்னு எழுது.”

“இன்னாத்த மாமா?”

“நான் செத்தா அவனுக்கு சொல்லுவாங்கன்னு எழுது.”

சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். ஜூடி ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதினாள். ‘ஹென்றி சங்கரா மீன் குழம்பு கேட்டார். ஹென்றி செத்தால் அவர் மகனுக்குச் சொல்லுவார்கள்.’

என்ன காரணமோ, அதை ஜனங்கள் எடுத்தார்கள். குவைத்துப் பக்கம் எடுத்தது. முகம் தெரியாதவர்கள் எடுத்தார்கள். ஹென்றி பேரைப் போட்டால் அந்தப் பதிவு மெல்ல மெல்ல ஏறி, பழைய சாவுக்கு மேலே வந்து நின்றது. ஜூடி செல்லைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினாள். அப்போது ஹென்றிக்குக் கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. அந்த வாரத்திலேயே போய்விட்டான்.

ஐஸ் பெட்டி ஜூடியின் பெட்டிதான். காசிமேட்டுக் கல்லறையில் ரெஜினாவின் குழியிலேயே வைத்தோம். மகன் நிற்க வேண்டிய இடத்தில் ஜானட் நின்று முதல் பிடி மண் போட்டாள்.

“ஊருக்கெல்லாம் எழுதின. மாமாவுக்கு எழுதலியா?” என்று பிராங்கிளின் கேட்டான்.

“முன்னாடியே எழுதிட்டனே,” என்றாள்.

உயிரோடு இருக்கிறார் என்பது மட்டும் மேலேயே நின்றது. அதை எடுத்துவிடு என்று ஜானட் சொன்னாள். நாளைக்கு எடுக்கிறேன் என்றாள் ஜூடி. மறுநாளும் அப்படியே சொன்னாள்.

எட்டாம் நாள் பூசைக்கு முன்னால் ஒரு மத்தியானம் கடை ஃபோன் அடித்தது.

“ஐஸ் பெட்டி கடைதானே?”

“ஆமா, சொல்லுங்க. எந்த ஏரியா?”

“ஜூடியா?”

குரல் தெரிந்ததும் அவள் கல்லாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

“எங்கப்பா உசுரோட கீறாருன்னு போட்டுகீற. மெய்யாலுமா?”

சொல்ல வேண்டியது அவள் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லுகிற முறை அவளுக்கு இல்லை. ரத்தம் ஒருத்தி நாலு தெரு தள்ளி இருக்கிறாள்.

“ஃப்ரெடி, லைன்லயே இரு. அக்கா வூட்டுக்குப் போறேன். கட் பண்ணாத.”

கடையைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு நடந்தாள். வெயில் கொளுத்தியது. காதில் அவன் பேசிக்கொண்டே வந்தான்.

“சங்கரா மீனு கேட்டாருன்னு போட்டிருந்த. குட்த்தீங்களா?”

“குட்த்தோம்.”

“முள்ளு எட்த்துக் குட்த்தீங்களா?”

“அக்காதான் எட்த்து ஊட்டுச்சி.”

“நான் வரேன்னு நீ சொல்லாத. நானே அவராண்ட சொல்றேன்.”

“நட, நட” என்று தனக்குள் சொல்லிக்கொண்டே போனதாக ஜூடி பிறகு என்னிடம் சொன்னாள்.

ஜானட் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜூடி செல்லை நீட்டினாள்.

“யாரு?”

“உன் தம்பி. நீதான் சொல்லணும்.”

ஜானட் கையைப் புடவையில் துடைத்தாள். ஒரு தரம் துடைத்தது போதாமல் திரும்பத் துடைத்தாள். ஃபோனை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பேச வாய் திறப்பதற்கு முன்னால், போய் ஃபேனை நிறுத்தினாள்.