மையத்திடம் யார் கேட்பது

மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குக்குக் காவல் இருந்தவர் அவர். மருதாணி தேய்த்த தாடி, கசங்காத வெள்ளைச் சட்டை. சாயா குடித்துப் பிரியும்போதுகூட, "ஏதாச்சும் தப்பாப் பேசியிருந்தா பொறுத்துக்கணும் பாயி" என்பார்.

"சாயாவுக்குமா மன்னிப்பு?" என்று சிரிப்போம்.

தங்கைமீது பொய்ப்பழி சொல்லி, நிச்சயமான அவள் கல்யாணத்தை முடக்கியவர் அவர். ஒருநாள் அவரே என்னிடம் சொன்னார். இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வீடு. போய் மன்னிப்புக் கேட்க நாணப்பட்டே காலத்தைக் கழித்துவிட்டார்.

அந்தத் தங்கை மௌத்தானாள். பள்ளிவாசலில் மையத்தைக் கிடத்தி, இறந்தவளுக்கான ஜனாஸா தொழுகைக்கு முன் உஸ்தாத் வழக்கம்போல, "மையத்து யாருக்காவது தவறு செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றார். "பொறுத்தோம்" என்றோம். அவள் அண்ணன் மட்டும் வாய் திறக்கவில்லை.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் பொறுக்கிறதுக்கு அவ ஒரு தப்பும் செய்யலையே பாயி. பாவத்துக்கு வருந்தித் தௌபா பண்றதுன்னா திரும்பி வர்றதுன்னு உஸ்தாத் சொல்வாரில்லே? வந்துட்டேன். அவளுக்காக நம்மகிட்ட கேட்டாரு. எனக்காக அவகிட்ட இனி யாரு கேப்பா?"

"அல்லாஹ் பொறுப்பான் இக்கா."

"அவன் பொறுப்பான். அவ?"

அன்றிலிருந்து தொழுது முடித்து துஆ கேட்கும்போது அண்ணன், தங்கை இருவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறேன். அது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை.