அக்கா கயிற்றை இழுத்த ஞாயிறு

1974 பிப்ரவரி, கடைசி ஞாயிறு. இடம்: புது தில்லி, ஆர்.கே.புரம், அரசுக் குடியிருப்பின் பின்புறக் காலிமனை. அப்பாவின் அலுவலகத்துக்குச் சோதனைக்காக வந்திருந்த சிறிய பெட்ரோல் உழவு எந்திரம் காலையில் வண்டியிலிருந்து இறக்கப்பட்டது. முற்பகலில் எரிபொருள் நிரப்பப்பட்டது. எந்திரம் சிறிது நேரம் இயங்கி நின்றது. பிற்பகலில் மீண்டும் இயக்கப்பட்டது. மனை முழுவதும் உழப்பட்டது. காயம் இல்லை, தீவிபத்து இல்லை. இயக்கியவர்: என் அக்கா, வயது பதினேழு.

வாழ்நாளெல்லாம் அலுவலகக் குறிப்பு எழுதியவன் நான். அக்கா சென்ற மாதம் காலமானபோது உறவினர்களுக்கு நான் அனுப்பிய செய்தியும் இதே நடையில்தான் அமைந்தது. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை இந்த நடையிலேயே விட்டுவிட மனம் ஒப்பவில்லை.

அப்பா வேளாண் துறையில் கோப்புகளைப் பார்த்தவர், மண்ணைப் பார்த்தவரல்லர். எந்திரத்தை யாராவது ஓட்டிப் பார்த்து அபிப்பிராயம் சொன்னால் நல்லது என்று மேலதிகாரி சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டார். சோதனை என்பதால் அது சொந்த உபயோகம் ஆகாது என்பதை அம்மாவிடம் இருமுறை விளக்கினார். அம்மாவின் கவனம் உழுத மனையில் ஊன்றப்போகும் வெண்டை விதையில் இருந்தது.

அக்காவின் கவனம் வேறிடத்தில் இருந்தது. மதராஸில் பொறியியல் படிக்க வேண்டும் என்று அவள் கேட்டு ஒரு மாதமாகியிருந்தது. அப்பா மறுக்கவுமில்லை, சம்மதிக்கவுமில்லை. எங்களுடன் தங்கியிருந்த மாமா, அம்மாவின் தம்பி, அமைச்சக எழுத்தர், அந்த மௌனத்தைத் தம் கருத்துகளால் நிரப்பிவந்தார். பெண்ணுக்கு எந்திரம் எதற்கு என்பது அவற்றுள் முதன்மையானது. அப்பா அலுவலகத்திலிருந்து முன்கூட்டியே கொண்டுவந்திருந்த எந்திரக் கையேட்டை அந்த வாரம் முழுவதும் படித்த அக்கா, சனிக்கிழமை சாப்பாட்டின்போது அப்பாவிடம் நேராகவே கேட்டாள். "நானே அத ஓட்டிட்டா மதராஸுக்கு அனுப்புவீங்களா?" அப்பா மோரை ஊற்றிக்கொண்டே, "பாப்போம்" என்றார். எங்கள் வீட்டில் அது பாதிச் சம்மதம். மீதிப் பாதியை அவள்தான் ஈட்ட வேண்டும்.

எனக்கு அப்போது எட்டு வயது. உடைந்த செங்கல்லால் மண்ணில் கோடு கிழித்து, அதற்குள் யாரும் வராமல் பார்த்துக்கொள்ளும் அதிகாரத்தை அக்கா எனக்கு அளித்திருந்தாள். நான் முதலில் தடுத்து நிறுத்தியது மாமாவைத்தான்.

ஸ்கூட்டர் ஓட்டியவர் என்பதால் எங்கள் குடும்பத்தில் எஞ்சின் சம்பந்தமான எல்லாவற்றுக்கும் அவரே நிபுணர். "ஏட்டி, தள்ளி நில்லு. எஞ்சினக் கெளப்பக் கயிறு இழுக்கது பொம்பளப்புள்ள வேலையா?" என்றார், உதட்டில் சிகரெட்டோடு.

"இழுக்கதுக்கு முன்னாடி செய்ய வேண்டியதுதான் மாமா நெறைய இருக்கு. மொதல்ல அந்தச் சிகரெட்ட அணைச்சிட்டு வாங்க."

பாஷை புரியாவிட்டாலும் ஜாடை புரிந்து, மேல்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி பால்கனியிலிருந்து சிரித்த சிரிப்பில் மாமா சிகரெட்டை அணைத்துவிட்டார்.

அக்கா தாவணியை இறுக்கிச் செருகி, அப்பாவின் ஆபீஸ் ஷூவை மாட்டிக்கொண்டு வந்தாள். எஞ்சின் ஆயிலின் அளவைக் குச்சி விட்டுப் பார்த்தாள். சுவரோரமாக எந்திரத்தை நிறுத்தி, புனல் வைத்து, விளிம்புவரை போகாமல் பெட்ரோல் ஊற்றினாள். சிந்திய சொட்டைத் துணியால் துடைத்து, ஈரம் காயும்வரை நின்றாள். மூடியை இறுக்கினாள். டின்னை வீட்டுக்கு மறுபுறம் கொண்டுபோய் வைத்தாள். பிறகு, பெட்ரோல் வாசனை இருந்த இடத்தைவிட்டு எந்திரத்தை மனையின் நடுவுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

அங்கே அம்மா தட்டோடு காத்திருந்தாள். சந்தனம், குங்குமம், எலுமிச்சை, கற்பூரம், தீப்பெட்டி.

"கற்பூரத்த வீட்டுக்குள்ள முருகனுக்குக் காட்டும்மா. இது வயித்துல பெட்ரோல் இருக்கு."

"ஒண்ணுமே காட்டாம எப்படிட்டி ஆரம்பிக்கது?"

பேச்சுவார்த்தையின் முடிவில் தீப்பெட்டி வீட்டுக்குள் போயிற்று, பொட்டு அனுமதிக்கப்பட்டது. அம்மா எந்திரத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். உச்சியில் வட்டமாக இருந்த பெட்ரோல் மூடியே நெற்றி என்று தீர்மானித்து, அதன் நடுவில் தாராளமாகச் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தாள்.

அக்கா மண்ணைக் கிளறும் கத்திகள் சுழலாதபடி லிவரை விடுவித்தாள், சோக்கை மூடினாள், கயிற்றை மெல்ல இழுத்து, அது கையைத் தடுக்கும் இடம் வந்ததும் ஒரே வீச்சாக இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது. மனையின் நடுவே ஒரு சால் ஓடியது. திரும்பி வரும் வழியில் இருமியது, திணறியது, நின்றுவிட்டது. அதன்பிறகு எத்தனை இழுத்தும் பயனில்லை.

"கற்பூரம் காட்டலைல்லா" என்றார் மாமா. உடனே டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ஊத்து, பெட்ரோல் கம்மியா இருக்கும்."

"சூடா இருக்கு மாமா. இப்போ மூடியத் திறக்கக் கூடாது. ஆறட்டும்."

"ஆறணுமா? இது என்ன பாயசமா?"

மாலை அலுவலக வண்டி எந்திரத்தை எடுத்துப்போக வந்துவிடும். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா கோட்டுக்கு வெளியே ஒரு செங்கல்லின்மேல் உட்கார்ந்தாள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டதற்கும் எழவில்லை. மாமா சாப்பிட்டுவிட்டு வந்து, கல்யாணத்துக்குப் பின் அவளுக்கு மிக்சி வாங்கித் தருவதாகவும் அதை ஓட்டிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அவள் எந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புறங்கையை எஞ்சினுக்கு அருகே கொண்டுபோவாள், திரும்பி வந்து உட்காருவாள்.

நன்றாக ஆறியபின் மூடியை மெல்லத் திருகினாள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டது. அவள் முகம் மாறியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூடியைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். பெட்ரோல் இறங்க இறங்கக் காற்று உள்ளே வருவதற்கென்று மூடியின் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. அம்மாவின் சந்தனம் அதில் கல்லாகக் காய்ந்திருந்தது. காற்று வர வழியில்லாததால் பெட்ரோல் இறங்கவில்லை.

தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்தாள். அடைப்பைத் தோண்டி, ஊதி, துடைத்து, மூடியை மாட்டினாள். டின் மறுபடியும் வீட்டின் மறுபுறம் போனது. மாமாவும் நான் சொல்லாமலே கோட்டைத் தாண்டிப் பின்வாங்கினார்.

முதல் இழுப்பிலேயே பிடித்தது. அதன்பின் அது நிற்கவில்லை. பெரிய ஷூக்கள் மண்ணில் புதையப் புதைய, ஒவ்வொரு சாலாக அக்கா அந்த மனையைப் புரட்டினாள். பால்கனிகள் நிறைந்தன. பஞ்சாபி ஆன்ட்டி "ஷாபாஷ் பேட்டி", சபாஷ் மகளே, என்று கத்தினார். மாமாகூட யாரோ ஒருவரிடம், "நம்ம புள்ளதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரையும்விட உரக்கக் கைதட்டியவன் நான். உள்ளங்கை சிவந்து எரிந்தது, நிறுத்தவில்லை.

வண்டி வந்து எந்திரத்தை ஏற்றிச் சென்றபின், அப்பா அம்மாவிடம், "மதராஸுக்கு எழுதிப் போட்டுருவோம்" என்றார். அம்மா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டு நெடுநேரம் நின்றாள். சந்தனம் வைத்ததற்காக வருந்துகிறாள் என்று எண்ணி, பரவாயில்லை என்று நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.

ஜூலையில் அக்காவை ஏற்றிக்கொண்டு மதராஸ் ரயில் நகர்ந்தபோதுதான், அன்று அம்மா எதற்காகத் திரும்பி நின்றாள் என்பது எனக்குத் தெரிந்தது. மனையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அக்கா போய்வருவதாகவே நினைத்து நான் கைதட்டியிருந்தேன். அவள் எங்களைவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் தட்டியிருப்பேன் என்றே இன்று நம்புகிறேன்.

அக்கா காலமானபின் நான் இன்னும் முடிக்காதவை:

அவளுடைய மூக்குக் கண்ணாடியைக் கடையிலிருந்து வாங்கிவருவது.
தில்லி துவாரகாவில் அவள் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டாரிடமிருந்து பெறுவது.
அவள் பால்கனித் தொட்டிகளில் மண்ணைக் கிளறிவிடுவது.