'எனக்கு' செய்த வேலை

கல்முனையிலிருந்து போய், பொத்துவிலில் ஒரு விடுதியில் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்த காலத்தில் என் கண்ணெல்லாம் வரவேற்பு மேசையின் கதிரை மேலேயே இருந்தது. அலைச்சறுக்க வரும் ஸ்பானியர்களோடு கதைக்கத் தெரிந்தவருக்கே அந்த வேலை என்றார், அண்ணன் முறையில் நாங்கள் 'காக்கா' என்று கூப்பிடும் முதலாளி. கொழும்பில் ஆங்கிலத்தில் படித்த அவருடைய மச்சானும் அதற்கு நின்றார். நான் கைப்பேசியில் ஸ்பானியம் படிக்கத் தொடங்கினேன்.

எடுத்த எடுப்பிலேயே மூக்குடைபட்டேன். ஸ்பானியக் குழுக்களை அழைத்துவரும் பெண்ணிடம், 'உங்களுக்குத் தண்ணீர் வேண்டுமா' என்பதை அப்படியே மாற்றி, "தே கியேரெஸ் ஆக்வா?" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். 'வேண்டும்' என்று சொல்லும்போது அவர்கள் 'எனக்கு', 'உங்களுக்கு' போடுவதில்லையாம். 'உங்களுக்கு' என்று நினைத்து 'தே' போட்டால், 'உங்களை நீங்களே நேசிக்கிறீர்களா, தண்ணீரே?' என்று ஆகிவிடுமாம். மச்சான் இதைக் கடற்கரை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

"தமிழ்ல யோசிச்சா இப்பிடித்தான் தம்பி. இங்கிலீஷ்ல யோசி" என்று எனக்குப் புத்தி வேறு சொன்னார். பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் படிப்பை விடவில்லை.

அடுத்த பருவத்தில் அந்தப் பெண் திரும்பி வந்தபோது, யார் தேறுவார் என்று பார்த்துச் சொல்லும்படி முதலாளி அவரிடமே கேட்டார். அவர் எங்கள் இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: இந்த ஊரில் உங்களுக்கு என்ன பிடிக்கும்?

மச்சான் ஆங்கிலத்தில் யோசித்தார். 'நான்' என்று ஆரம்பித்து, "யோ குஸ்தோ" என்றார். என்னை எல்லோருக்கும் பிடிக்கும் என்று அவர் பீற்றிக்கொண்டது போலத்தான் அது அந்தப் பெண்ணின் காதில் விழுந்தது. ஆங்கிலம் வழியாக ஸ்பானியம் படிப்பவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் அது. பிடிப்பதைச் சொல்லும்போதோ ஸ்பானியர்களும் 'நான்' போடமாட்டார்கள். நம்மைப்போல 'எனக்கு' என்றுதான் சொல்வார்கள். இதை எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? பேச்சு வந்த நாள் முதல் நான் அப்படித்தானே கதைக்கிறேன்.

"மே குஸ்தா எல் மார்" என்றேன். எனக்குக் கடல் பிடிக்கும்.

அந்தப் பெண் கைதட்டினார். மச்சானின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"இத எங்க மனே படிச்ச?" என்று முதலாளி கேட்டார்.

"தமிழ்லதான் காக்கா" என்றேன்.

அந்தப் பெண் பழையதை மறக்கவில்லை. ஒரு கிளாஸ் தண்ணீரை என் பக்கம் நீட்டி, "தே கியேரெஸ்?" என்று கண்ணைச் சிமிட்டினார்.

"ஸி, மே கியேரோ" என்றேன். ஓம், நான் என்னை நேசிக்கிறேன். தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, நேரே போய் அந்தக் கதிரையில் உட்கார்ந்தேன்.